சிவனடியார் யாரென்று நமக்குத் தெரியும்

நம் சந்திப்பு மலரில் மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை யாராவது எழுதுவது வழக்கம். என்னிடம் நம் பேட்ச் நண்பர்கள் எதிர்பார்த்தது விசுவேசுவரய்யாவாகவோ, கல்லணையைப் பழுது பார்த்த காட்டன் துரையாகவோ இருக்கும். சிவில் படித்தவன் வேறு யாரை எழுதுவான்! நான் எடுத்துக்கொண்டது அமரர் கல்கியை. கல்கி என்றாலே பொன்னியின் செல்வன், வந்தியத்தேவன், மணிரத்னம் என்று பேச்சு ஓடிவிடும். அதைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு, அவருடைய முதல் சரித்திர நாவலான பார்த்திபன் கனவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லலாம் என்று ஆசை.

அந்தக் காரியம் இதுதான். கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு ரகசியத்தை வாசகன் கையில் கொடுத்துவிடுவது. அப்புறம் அவனை ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்து பார்க்க வைப்பது. இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர்கள் இதை டிராமாடிக் ஐரனி என்பார்கள். தமிழ்ப் பேராசிரியர்கள் நாடக முரண் என்று எழுதுகிறார்கள்.

இப்போது நான் வேலை பார்க்கும் அரூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். விராட பருவம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் வேஷத்தில் பிருகன்னளை ஆட்டம் சொல்லிக்கொடுக்க வருகிறாள். அது அர்ச்சுனன் என்று மூக்கு ஒழுகும் பையன் வரைக்கும் தெரியும். விராட ராஜாவுக்கு மட்டும் தெரியாது. அவன் கோபத்தில் கங்கபட்டர் முகத்தில் சூதாட்டக் காயை வீசி அடிக்க, ரத்தம் வருகிறதே, அந்த இடத்தில் கூட்டம் பதறும். அடி வாங்கியது தருமராஜா என்று கூட்டத்துக்குத் தெரியும், அடித்தவனுக்குத் தெரியாது. கதை தெரிந்துவிட்டதே, இனிமேல் என்ன சுவாரசியம் என்று எந்தக் கிழவியும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போவதில்லை. விடியும் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள்.

கல்கி இந்த ஜனங்களுக்குத்தான் எழுதினார் என்பது என் கட்சி. இனி அவர் கதையைப் பார்ப்போம்.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, அன்றைய தஞ்சாவூர் ஜில்லா மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். அப்பா ராமசாமி அய்யர் கிராமக் கணக்குப்பிள்ளை. அம்மா தையல்நாயகி. வசதியான வீடு இல்லை. அப்பாவும் சீக்கிரமே காலமாகிவிட்டார். மாயவரத்திலும் பிறகு திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். 1921-ல், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கி வரும் நேரத்தில், காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் படிப்பை உதறினார். அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் அரசாங்க உத்தியோகத்துக்கு வாசல். தகப்பன் இல்லாத ஒரு பையன் அந்த வாசலைத் தானே சாத்திக்கொள்வது லேசான சமாசாரமா? நாமெல்லாம் ஒரு அரியர் விழுந்ததற்கே எப்படித் துடித்தோம்!

அடுத்த வருஷமே மேடையில் பேசியதற்காக ஓராண்டு சிறை. வெளியே வந்தபின் 1923-ல் சென்னையில் திரு.வி.க. நடத்திய நவசக்தியில் உதவி ஆசிரியர் வேலை. தமிழ் உரைநடையை அங்கேதான் பழகினார். காந்தியின் சுயசரிதையை அவர் தமிழாக்கியதும் அங்கேதான். எஸ்.எஸ். வாசன் 1928-ல் ஆனந்த விகடனை வாங்கியதும் அதற்கு எழுத ஆரம்பித்தார். கல்கி என்ற பெயர் அப்போது பிறந்தது. கல்யாணசுந்தரனாரின் முதல் எழுத்துகளும் கிருஷ்ணமூர்த்தியின் முதல் எழுத்தும் சேர்ந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. விஷ்ணுவின் பத்தாவது அவதாரம் என்று இன்னொன்று. எதுவாயிருந்தாலும் மனுஷருக்குப் பெயர் மாற்றிக்கொள்வதில் ஒரு குஷி. கர்நாடகம் என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதுவார். தேனீ, தமிழ்மகன் என்றெல்லாம் வேறு பெயர்கள். வேஷம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும் ராஜாக்களையும் ஒற்றர்களையும் பின்னால் அத்தனை ஆசையாய்ப் படைத்தவர், தானே அப்படித்தான் பத்திரிகை உலகத்தில் நடமாடினார்.

இடையில் நம் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று வருகிறது. ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார் அல்லவா? நவசக்தியை விட்ட கல்கி அங்கே போய்ச் சேர்ந்தார். கதர் வேலை, ஹரிஜன சேவை, எல்லாவற்றுக்கும் மேலாக மதுவிலக்குப் பிரசாரம். அதற்கென்றே விமோசனம் என்று ஒரு பத்திரிகை. ஆசிரியர் ராஜாஜி, உடன் உழைத்தவர் கல்கி. குடியின் கேடு ஒன்றையே பொருளாக வைத்துக்கொண்டு, அது போரடிக்காமல் கதை பண்ணிக் கொடுக்க வேண்டும். சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டமான டிசைன் கண்டிஷன்! முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையைக் கடைசிவரை படிக்க வைக்கும் வித்தையை அவர் அங்கே பயின்றார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். ஆகவே அன்றைக்கு நம் அரூரும் அந்தச் சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தது.

1930-ல் மறுபடி ஆறு மாதச் சிறை. பிறகு விகடனில் முழுப் பொறுப்பு. 1930-களில் விகடன் வீட்டுக்கு வீடு போனதில் கல்கிக்குப் பெரிய பங்கு. கள்வனின் காதலி, தியாகபூமி எல்லாம் அங்கே வந்தவை. தியாகபூமியைக் கே. சுப்ரமண்யம் 1939-ல் படமாக எடுக்க, வெள்ளைக்கார அரசாங்கம் அதைத் தடை செய்தது. 1941-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மூன்று மாதம் சிறை. விகடன் உறவும் முடிந்தது. கையில் பத்திரிகை இல்லாமல் வெளியே வந்தவர், நண்பர் டி. சதாசிவத்தோடு சேர்ந்து அந்த ஆகஸ்ட் 1-ஆம் தேதி தன் பெயரிலேயே பத்திரிகை ஆரம்பித்தார். அதற்குப் பணம் வேண்டுமே? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக ஆண் வேஷம் கட்டி நடித்துக் கொண்டுவந்த பணம் அது. பாருங்கள், பத்திரிகையின் பிறப்பிலேயே ஒரு வேஷம்!

அந்த வருஷமே பார்த்திபன் கனவு தொடங்கியது. 1943 வரை இதழுக்கு இதழ் ஓடியது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் வெளிநாட்டில் செட்டில் ஆகி மறந்து போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் நூற்றாண்டு. காஞ்சியில் நரசிம்ம பல்லவர் சக்கரவர்த்தி. உறையூரில் அவருக்குக் கப்பம் கட்டும் குட்டி ராஜா பார்த்திப சோழன். அவனுக்கு மனசுக்குள் ஒரு கனவு. சோழர்களின் புலிக்கொடி தேசமெல்லாம் பறப்பது போல, கடலில் சோழக் கப்பல்கள் போவது போலச் சித்திரங்கள் எழுதி வைத்து, மகன் விக்கிரமனுக்குக் காட்டுகிறான். கப்பத்தை நிறுத்துகிறான். யுத்தம் வருகிறது. வெண்ணாற்றங்கரையில் தோற்றுச் சாகக் கிடக்கிறான். அந்த ராத்திரியில் போர்க்களத்துக்கு ஒரு சிவனடியார் வருகிறார். உன் பிள்ளையை வீரனாக வளர்த்து உன் கனவை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். நீங்கள் யார் என்று ராஜா கேட்க, அவர் வேஷத்தைக் கலைத்துக் காட்டுகிறார். பார்த்திபன் ஆச்சரியத்தோடும் நிம்மதியோடும் உயிரை விடுகிறான்.

அவன் யாரைப் பார்த்தான் என்று கல்கி அந்த இடத்தில் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச தூரம் படித்தவனுக்கு மெல்லமெல்ல விளங்கிவிடும். சாகிறவனைச் சாகடித்த சேனையின் சொந்தக்காரரே வாக்குக் கொடுத்தவர். சிவனடியார்தான் நரசிம்மவர்மர். இதை நான் இங்கே எழுதுவதால் யாருடைய சுவாரசியமும் கெடாது. எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தன் நான் முதல் பாகம் படித்துக்கொண்டிருக்கும்போதே இந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தான். அதற்கப்புறம்தான் நான் தூக்கத்தை விட்டுப் படித்தேன்.

ஏனென்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு அர்த்தம். தகப்பனைக் கொன்ற பல்லவனைப் பழிவாங்க வேண்டும் என்று துடிக்கிறான் விக்கிரமன். ராணி அருள்மொழியும் மகனும் யாரிடம் போய் யோசனை கேட்கிறார்கள்? அந்தச் சிவனடியாரிடம். உறையூரில் புலிக்கொடி ஏற்ற முனைகிறான், சித்தப்பன் மாரப்ப பூபதியின் துரோகத்தால் பிடிபடுகிறான். அவனைச் சங்கிலியில் கட்டிக் காஞ்சிக்குக் கொண்டு போகிறார்கள். நாடு கடத்தித் தீர்ப்புச் சொல்பவர் சக்கரவர்த்தி. அதாவது, ஒரு முகத்தில் வீரம் ஊட்டியவரே இன்னொரு முகத்தில் தண்டனை கொடுக்கிறார். அந்தச் சங்கிலியில் அவனைப் பார்த்துவிட்டுச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவிக்கு மனசு போய்விடுகிறது. அது வேறு!

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த இடம் மூன்று வருஷம் கழித்து வருகிறது. செண்பகத் தீவில் ராஜாவாகிவிட்ட விக்கிரமன் அம்மாவைப் பார்க்க வேண்டும், குலத்து வீரவாளை எடுக்க வேண்டும் என்று ரத்தின வியாபாரி வேஷத்தில் மாமல்லபுரத்தில் வந்து இறங்குகிறான். பெயர் தேவசேனன். உறையூர் போகும் காட்டு வழியில் ஆட்கள் அவனைத் தாக்க, குதிரை மேல் வந்த ஒருவர் காப்பாற்றுகிறார். நான் பல்லவ ஒற்றர் தலைவன் என்று சொல்லிக்கொள்கிறார். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். விக்கிரமன் தன்னை வியாபாரி என்று சொல்லி ஒற்றர் தலைவனை ஏமாற்றுவதாக நினைக்கிறான். ஒற்றர் தலைவருக்கு அவன் யாரென்று நன்றாகவே தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார். அந்த ஒற்றர் தலைவரும் ஒற்றர் தலைவர் இல்லை, நரசிம்மவர்மரேதான். ஆக, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் அந்தக் காட்சியில் வியாபாரி, இளவரசன், ஒற்றன், சக்கரவர்த்தி, தகப்பன் மாதிரி ஒருவர் என்று ஐந்து ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே நாம் ஆறாவது ஆள். விக்கிரமன் எந்த மனிதரை உலகத்திலேயே அதிகமாக வெறுக்கிறானோ, அவரோடேயே சிநேகமாகி, அவருடைய தைரியத்தையும் நல்ல குணத்தையும் ரசிக்கிறான். வெறுப்பு ஒரு பெயரின் மேல் இருக்கிறது, பாசம் ஒரு ஆளின் மேல் வளர்கிறது. இரண்டும் ஒரே மனிதர் என்று அவனிடம் சொல்ல வாசகனுக்கு வாய் துடிக்கும். சொல்ல முடியாது.

அடுத்து காட்டாற்று வெள்ளத்தில் அகப்பட்டுப் பிழைக்கிறான். ஜுரம் கண்டு ஒரு மண்டபத்தில் நினைவில்லாமல் கிடக்கிறான். படகோட்டி பொன்னன் வைத்தியரைத் தேடிப் போன நேரத்தில் அந்த வழியாக வரும் குந்தவி அவனைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்கிறாள். எங்கே? காவிரி நடுவே வசந்தத் தீவு மாளிகையில். அவன் பிறந்து ஓடி விளையாடிய சொந்த வீடு! சொந்த வீட்டில், எதிரியின் மகளுக்கு விருந்தாளியாக, ரத்தின வியாபாரி என்ற பொய்ப் பெயரோடு படுத்திருக்கிறான். இதை விட ஒரு மனிதனை அவனுடைய மண்ணில் அந்நியனாக்கிக் காட்ட முடியுமா? 1942-ல் இதைப் படித்தவர்களுக்கு அது வெறும் சோழன் கதையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம். தலைவர்கள் எல்லாரும் ஜெயிலில். ஒரு சின்னப் பையன் கொடியேற்றப் போய்ப் பிடிபடும் கதையை ஒரு பத்திரிகை சாதுவாக, ஏதோ பழைய ராஜாக் கதை மாதிரி, வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு என்பதும் ஒரு வேஷம்தானே!

பொறியாளன் பாஷையில் சொன்னால் இது மட்ட வித்தியாசம். மேட்டூரில் தண்ணீர் உயரத்தில் நின்றால்தான் கீழே டர்பைன் சுற்றும். மேலேயும் கீழேயும் ஒரே மட்டம் என்றால் எத்தனை டி.எம்.சி. தண்ணீர் இருந்தாலும் ஒரு பல்பு எரியாது. வாசகனுக்குத் தெரிந்ததற்கும் பாத்திரத்துக்குத் தெரிந்ததற்கும் நடுவில் இருக்கும் உயரம்தான் கல்கிக்கு மின்சாரம். அவர் செய்த சாமர்த்தியம், அந்த உயரத்தைக் கதையின் கடைசி வரை இறக்காமல் வைத்திருந்தது. உறையூரில் எல்லாரும் கூடிய நேரத்தில்தான் மதகைத் திறக்கிறார்.

கல்கியைக் குறை சொன்ன பெரிய எழுத்தாளர்கள் உண்டு. ஜடாமுடி வைத்துக்கொண்டால் ஆள் அடையாளம் தெரியாதா, இது குழந்தை விளையாட்டு என்று இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். வேஷம் நம்மை ஏமாற்றுவதற்கு என்று நினைத்துக்கொண்டு அளக்கிறவர்கள் அவர்கள். தப்பான அளவுகோல். வாசகன் கண்டுபிடிக்கத்தான் அந்த வேஷம் அவ்வளவு லேசாகக் கட்டப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் அவன் கதைக்குள் பங்காளி ஆகிவிடுகிறான். எட்டாங்கிளாஸ் படித்த அம்மாக்களும் மளிகைக் கடைக்காரர்களும் அன்று இதழுக்காகக் காத்திருந்ததற்கு இது முக்கியக் காரணம். கதையில் இருக்கும் மகாராணியைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று ஒரு எளிய மனிதரை நினைக்க வைப்பது சின்ன மரியாதை இல்லை.

ஆனாலும் கல்கி மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. நரசிம்மவர்மரை அவர் ரொம்பச் சுலபமாக மன்னித்துவிடுகிறார். செத்துப் போன ஒருவனுக்குக் கொடுத்த வாக்குக்காக, உயிரோடு இருக்கும் அருள்மொழி எத்தனை வருஷம் பிள்ளையைப் பிரிந்து அழுதாள்! சிவனடியார் வேஷத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறாரே, உண்மையை ஒரு தடவை அவள் காதில் போட்டிருக்கக் கூடாதா? ரகசியம் தெரிந்த வாசகனுக்கு அந்த இடங்களில் சக்கரவர்த்தி மேல் பக்தி வருவதில்லை. எனக்கு வரவில்லை.

இங்கிலாந்தில் காத்திக் நாவல் என்று ஒரு வகை உண்டு. ஹொரேஸ் வால்போல் 1764-ல் எழுதிய ஓட்ரான்டோ கோட்டை என்ற கதையிலிருந்து அது ஆரம்பமாகிறது. பாழடைந்த கோட்டை, சுரங்க வழி, நடுராத்திரி, யாருடைய பிள்ளை என்று தெரியாத ஒரு வாலிபன், ரகசியத்தைச் சுமந்து திரியும் ஒரு பாதிரியார். குடியானவனாக வரும் தியடோர்தான் நிஜ வாரிசு, பாதிரியார்தான் அவனுடைய அப்பா என்று கடைசியில் தெரிய வரும். பார்த்திபன் கனவைச் சரித்திர நாவல் என்று அலமாரியில் அடுக்கினாலும் இந்தச் சரக்கு முக்கால்வாசி அதில் இருக்கிறது. மண்டபத்து இருட்டு, மண்டையோட்டு மாலை போட்ட ஒற்றைக் கை மகாகபால பைரவர், அமாவாசை மாதிரி ஒரு பயம், நரபலி. ராணி அருள்மொழியைத் தூக்கிக்கொண்டு போய் அடைப்பது கொல்லிமலைக் குகையில். நமக்குத் தெற்கே, ராசிபுரம் தாண்டினால் தெரிகிற அதே கொல்லிமலைதான். அந்தக் கபாலிகனும் கபாலிகன் இல்லை. வாதாபி ராஜா புலிகேசியின் தம்பி நீலகேசி! வேஷம் நல்லவர்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை என்று காட்ட அவனை வைத்திருக்கிறார் போலும். சந்நியாசிக் கோலத்தில் ஒருவர் குழந்தையைக் காப்பாற்றுகிறார், இன்னொருவர் பலி கொடுக்கக் கத்தி தீட்டுகிறார். 1947-ல் எழுதிய சோலைமலை இளவரசியில் இன்னும் ஒரு படி மேலே போனார். 1942 போராட்டத்தில் தப்பி ஓடும் ஒருவன் இடிந்த கோட்டையில் ஒளிந்துகொள்ள, அவனுக்குப் பூர்வஜென்ம நினைவுகள் கனவாக வருகின்றன. ஒருநாள் ராத்திரியில் படித்து முடிக்கலாம். மின்தடை நேரத்தில் வேண்டாம்.

பார்த்திபன் கனவு முடிந்த மறு வருஷம் சிவகாமியின் சபதம் ஆரம்பமாகி 1946 வரை வந்தது. இதில்தான் அவர் வாசகன் மேல் ஒரு பெரிய காரியம் செய்தார். அது முந்தின கதை. நரசிம்மர் வாலிபராக இருந்த காலம். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி, நாட்டியத் தாரகை, அவரைக் காதலிக்கிறாள். ஆனால் பார்த்திபன் கனவை ஏற்கெனவே படித்தவனுக்கு என்ன தெரியும்? நரசிம்மருக்குக் குந்தவி என்று ஒரு மகளும் மகேந்திரன் என்று ஒரு மகனும் பிறக்கப் போகிறார்கள். அந்தக் குழந்தைகளின் அம்மா சிவகாமி இல்லை. வாதாபியில் சிறைப்பட்டு, இந்த நகரத்தை எரித்த பிறகுதான் திரும்புவேன் என்று அவள் சபதம் செய்யும்போது, ஒன்பது வருஷம் அவருக்காகக் காத்திருக்கும்போது, கதை எங்கே போய் முடியும் என்று பழைய வாசகன் நெஞ்சில் கல் மாதிரி கிடக்கிறது. அவளுக்குத் தெரியாது. தெரியாமலே ஆடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாவல்களையும் கல்கி எழுதிய வரிசையிலேயே படியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இது. கால வரிசையில் படித்தால் இந்தக் கல் நெஞ்சில் விழாது.

பார்த்திபனுடைய கனவு விஷயமும் அப்படியே. விக்கிரமன் குந்தவியைக் கல்யாணம் செய்துகொண்டு சுதந்திரச் சோழ நாட்டை ஆளத் தொடங்குகிறான். ஆனால் சித்திரத்தில் பார்த்த கப்பல்கள் எங்கே? அவன் காலத்தில் வரவில்லை. பிள்ளை காலத்திலும் வரவில்லை. முன்னூறு வருஷத்துக்கு மேல் கழிந்து ராஜராஜனும் ராஜேந்திரனும் வந்தார்கள், 1025-ல் சோழக் கப்பற்படை கடாரம் வரை போனது. இது கதைக்குள் யாருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு இந்த மட்ட வித்தியாசம் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைத்தாலும் எல்லாரும் அதை வைத்து மின்சாரம் எடுத்துவிடுவதில்லை.

கல்கியின் சொந்த வாழ்க்கையிலும் இந்த மாதிரி ஒரு திருப்பம் உண்டு. 1930-களின் நடுவில் பாரதி மகாகவியா இல்லையா என்று தமிழ்நாட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. பாரதி உயர்ந்த தேசியக் கவி, ஆனால் உலக மகாகவிகள் வரிசையில் வைக்க முடியாது என்ற கட்சியில் நின்றவர் கல்கி. எதிர்க்கட்சியில் வ.ரா., கு.ப.ரா., சிட்டி போன்றவர்கள். கு.ப.ரா.வும் சிட்டியும் இதற்கென்றே கண்ணன் என் கவி என்று புத்தகம் போட்டார்கள். அன்றைக்கு அந்தச் சண்டையைப் படித்துக்கொண்டிருந்த யாராவது, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்ட ஊர் ஊராகப் பணம் திரட்டப் போகிறவர் இந்த மனிதர்தான் என்று நினைத்திருப்பார்களா? 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் அந்த மண்டபத்தைக் கட்டி முடித்து ராஜாஜி கையால் திறக்க வைத்தார். ஜனங்களிடம் சின்னச் சின்னத் தொகையாக வாங்கிச் சேர்த்த பணம். இப்போது எட்டயபுரம் போகும் நம் பிள்ளைகள் அந்த மண்டபத்தின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். கட்டியவரின் பழைய கட்சி அவர்களுக்குத் தெரியாது.

1948-லிருந்து அலை ஓசை. 1950-லிருந்து பொன்னியின் செல்வன், ஐந்து பாகம். இதில் கல்கி தலைகீழாகச் செய்தார். ஆதித்த கரிகாலன் செத்துப் போவான் என்பது சரித்திரம் தெரிந்தவனுக்கு முன்கூட்டியே தெரியும். கடம்பூர் மாளிகைக்கு அவன் புறப்படும்போதே நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் கொன்றது யார் என்பதை மட்டும் வாசகனுக்குக் கடைசி வரை திட்டமாகக் கொடுக்கவில்லை. எழுபது வருஷம் ஆகியும் டீக்கடையில் சண்டை ஓயவில்லை. 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்தபோது அந்தச் சண்டை வாட்ஸப்புக்குக் குடிபோனது. பார்த்திபன் கனவும் 1960-ல் படமாக வந்ததுதான். ஜெமினி கணேசன் விக்கிரமன், வைஜயந்திமாலா குந்தவி, எஸ்.வி. ரங்காராவ் சக்கரவர்த்தி. ரங்காராவின் அந்த உடம்பையும் குரலையும் எந்தக் காவித் துணியால் மறைக்க முடியும்? கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் முதல் காட்சியிலேயே தெரிந்திருக்கும். அதனால் படம் கெட்டுப் போகவில்லை.

பொன்னியின் செல்வன் 1954-ல் முடிந்தது. உடம்பில் காசநோய். அதோடேயே அமரதாரா என்ற அடுத்த தொடரை ஆரம்பித்தார். அந்த டிசம்பர் 5-ஆம் தேதி காலமானார். வயது 55. சாகித்ய அகாதமி 1956-ல் அலை ஓசைக்குப் பரிசு கொடுத்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அமரதாரா நிற்கவில்லை. அப்பா எழுதி வைத்திருந்த குறிப்புகளை வைத்துக்கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். அந்த இதழ்களை வாங்கிப் படித்தவர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கதையில் வருகிற மனிதர்கள் ஒன்றும் நடக்காத மாதிரி பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்திருப்பார்கள். தங்களைப் படைத்தவர் போய்விட்டார் என்று அவர்களுக்குத் தெரியாது, படிக்கிறவர்களுக்குத் தெரியும்.